நாய்க்கோ பூனைக்கோ வயிறு சரியில்லையா? ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பும் முன் பாலக்காட்டு எல்லைப் பக்கத்தார் தெரிந்துகொள்ள வேண்டியவை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இருக்கிற நமக்குக் கிழக்கே பொள்ளாச்சியும் கோவையும், மேற்கே பாலக்காடும் திருச்சூரும். நாய், பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் இரண்டு பக்கமும் மருத்துவர் உண்டு. தொல்லையும் அதில்தான். இந்தப் பக்கம் ஒருவர் ஊசி போட்டு அனுப்புவார்; அது கேட்கவில்லை என்று அந்தப் பக்கம் போனால் அவர் ரத்தம் எடுப்பார்; மூன்றாவது ஆள் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

எங்கள் வீட்டு ஜெர்மன் ஷெப்பர்டு இரண்டு ஆள் சாப்பாட்டைத் தின்றுகொண்டே எலும்பும் தோலுமானபோது நாங்களும் இப்படித்தான் அலைந்தோம். கணையம் செரிமான நொதியைச் சுரக்கவில்லை என்பது கடைசியில் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அதற்கு முன் எடுத்த பரிசோதனைகளில் பாதி அந்த நோயைக் காட்டவே முடியாதவை.

வயிற்றுக் கோளாறைப் பொறுத்தவரை ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை உண்டு. எதைச் சந்தேகப்படுகிறோம் என்று தெரிந்து, அதற்குரிய பரிசோதனையை, உரிய முறையில் எடுத்த ரத்தத்தில் பார்த்தால்தான் பதில் வரும். “எல்லாத்தையும் பார்த்துடுங்க டாக்டர்” என்றால் பில்தான் ஏறும்.

1. முதலில் இது காத்திருக்கக் கூடியதா என்று பாருங்கள்

இந்த வழிகாட்டி நாள்பட்ட அல்லது திரும்பத் திரும்ப வரும் வாந்தி, பேதி, மெலிவு ஆகியவற்றுக்கானது. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் லேப், பட்டினி, வரிசை எல்லாவற்றையும் மறந்துவிட்டு அருகில் திறந்திருக்கிற மருத்துவரிடம் ஓடுங்கள்.

பெரிய இன நாய் வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம். தடுப்பூசி போடாத குட்டி ரத்தமாகவும் கடும் நாற்றத்தோடும் பேதி போனால் பார்வோ வைரஸாக இருக்கலாம். ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தால் மலச்சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீர் அடைத்திருந்தாலும் அப்படித்தான் உட்காரும். பூனை இரண்டு மூன்று நாளாக எதுவும் தின்னவில்லை என்றால், குறிப்பாகக் குண்டுப் பூனை என்றால், ஈரலில் கொழுப்பு படிய ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று முக்கியம். எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் தவிக்கிற நாயைப் பார்த்தால் தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோயும் அப்படித்தான் தெரியும்.

இரண்டு மாநிலத்திலும் கால்நடைகளுக்கான உதவி எண் 1962. பெரும்பாலும் மாடு, ஆட்டுக்கான சேவை என்றாலும் அருகில் யார் பணியில் இருக்கிறார் என்றாவது கேட்டுக்கொள்ளலாம்.

2. ஒரு பக்கத்தில் விவரம் எழுதுங்கள், காகிதங்களைச் சேருங்கள்

மருத்துவர் எந்தப் பரிசோதனையை எழுதுவது என்று முடிவு செய்வது நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்துத்தான். ஓபி வரிசையில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். எழுதி வைத்திருந்தால் அந்த நிமிடங்கள் வீணாகாது.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: எப்போது ஆரம்பித்தது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, என்ன தீனி, எடை எவ்வளவு குறைந்தது. எடையைப் பார்க்க நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். அப்புறம் உங்கள் எடையைக் கழியுங்கள். பூனையைப் பையோடு நிறுத்துப் பையைக் கழிக்கலாம்.

பேதியில் இரண்டு வகை உண்டு. ஒவ்வொரு தடவையும் நிறையப் போகிறது, உடம்பும் மெலிகிறது என்றால் கோளாறு சிறுகுடல் பக்கம். அடிக்கடி முக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக, சளியும் சிவப்பு ரத்தமுமாகப் போகிறது, எடை குறையவில்லை என்றால் பெருங்குடல் பக்கம். பெருங்குடல் கோளாறில் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் எல்லாம் சரி என்றே வரும். இதைத் தெரியாமல் சிலர் மூன்று இடத்தில் ரத்தம் எடுத்துவிடுகிறார்கள்.

வாந்தியிலும் அப்படித்தான். வயிறு குலுங்கி, ஓங்கரித்து எடுத்தால் வாந்தி. தின்ற உடனே குனிந்து, முக்கலே இல்லாமல், செரிக்காத சோறு அப்படியே வழுக்கி விழுந்தால் அது உணவுக்குழாய் சமாச்சாரம். அதற்கு முதலில் வேண்டியது எக்ஸ்ரே. போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பத்து வாக்கியத்தில் சொல்வதை அது பத்து நொடியில் காட்டிவிடும்.

கையில் இருக்க வேண்டியவை:

தடுப்பூசி அட்டை, வெறிநோய்த் தடுப்பூசித் தேதியோடு. கேரளப் பக்கம் நாய் வளர்க்கப் பஞ்சாயத்து உரிமம் வேண்டும், அதற்கும் இந்தச் சான்றுதான் கேட்பார்கள் என்பதால் இரண்டையும் ஒரே கவரில் வையுங்கள். பூச்சி மருந்து கொடுத்த தேதி, மருந்தின் பெயர். இதுவரை எழுதிய எல்லா மருந்துச் சீட்டும், தீர்ந்துபோன மாத்திரை அட்டை உள்பட. பழைய ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில், போனில் ஒரு படமும்.

மாத்திரை அட்டையை ஏன் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்தில் சில மருந்துச் சீட்டைப் படிக்க எழுதியவரே வர வேண்டியிருக்கும்.

3. மலப் பரிசோதனையை முடித்துவிட்டு ரத்தத்துக்குப் போங்கள்

குடற்புழு இருப்பதை ரத்தம் நேரடியாகச் சொல்லாது. ஈசினோபில் என்ற வெள்ளையணு கூடியிருந்தால் புழுவோ ஒவ்வாமையோ என்று சந்தேகப்படலாம், அவ்வளவுதான். மலத்தில் முட்டை தேடுவதற்குச் செலவு மிகக் குறைவு. பஞ்சாயத்து மிருக ஆஸ்பத்திரியிலேயே பெரும்பாலும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

மருந்துக் கடையில் சிறுநீர் டப்பா வாங்கி அதில் சுண்டைக்காய் அளவு மலம் எடுத்தால் போதும். அன்று காலை போனதாக இருக்கட்டும். மண் ஒட்டாத மேல்பகுதியை எடுங்கள். மண்ணில் வாழும் புழுக்கள் சேர்ந்துவிட்டால் ரிப்போர்ட் குழம்பிவிடும். ஒரு தடவை ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அதோடு விடாதீர்கள். ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணிகள் எல்லா நாளும் மலத்தில் வராது. மூன்று நாள் மலத்தைப் பார்ப்பது நல்லது.

பார்வோவுக்கும் மலத்தில் பார்க்கும் கிட் உண்டு, சில நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்போது கூடவே ரத்தத்தில் வெள்ளையணு பார்ப்பது நோய் எவ்வளவு கடுமை என்று அறியத்தான். அணுக்கள் மிகவும் குறைந்திருந்தால் நிலைமை மோசம். சந்தேகம் இருந்தால் குட்டியை ஓபி தரையில் விடாமல் மடியிலேயே வைத்திருங்கள். பக்கத்துக் குட்டிக்கு நீங்கள் செய்யும் உதவி அது.

4. எங்கே போவது, எவ்வளவு ஆகும்

சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு எல்லையைத் தாண்டவே வேண்டாம். பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ முடித்துக்கொள்ளலாம். முதல் சுற்றில் விடை வராவிட்டால் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது நல்லது. நமக்கு இரண்டு பக்கமும் ஒன்று இருக்கிறது: திருச்சூரை அடுத்த மண்ணுத்தி, தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டை. குதிரான் சுரங்கம் திறந்தபிறகு மண்ணுத்திப் பயணம் சுலபமாகிவிட்டது. நோய்கொண்ட நாயை அந்தப் பழைய மேட்டுச் சாலையில் லாரிகளுக்கு நடுவே நிறுத்தி வைத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கத்தாருக்குப் பொள்ளாச்சி வழியாக உடுமலை தோது.

கல்லூரி மருத்துவமனையில் ஓபி சீட்டும் அடிப்படைப் பரிசோதனையும் சொற்பக் கட்டணம்தான். ஆனால் நேரம் பிடிக்கும். காலையில் சீக்கிரம் போய்ப் பெயர் பதியுங்கள். மதியத்துக்கு மேல் போனால் ரத்தம் எடுத்தாலும் லேப் மூடிவிடும். ஓணம், பொங்கல் இரண்டையும் காலண்டரில் பாருங்கள். இந்தப் பக்கம் வேலை நாள் அந்தப் பக்கம் விடுமுறையாக இருக்கலாம். கேரளத்தில் ஹர்த்தால் அறிவிப்பு இருக்கிறதா என்று முந்தின ராத்திரி செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தனியாரில் நான் விசாரித்த இடங்களில் சிபிசி எனும் முழு ரத்த அணு எண்ணிக்கைக்கு ஏறக்குறைய 300 முதல் 600 ரூபாய். ஈரல், சிறுநீரகம், புரதம் எல்லாம் சேர்ந்த பயோகெமிஸ்ட்ரி தொகுப்பு ஆயிரத்தை ஒட்டி வரும், சிலசமயம் தாண்டும். கணையத்துக்கான கிட் தனியாக ஆயிரத்துக்கு மேல். வெளியூருக்கு அனுப்பும் சிறப்புப் பரிசோதனைகள் பல ஆயிரம்.

விலை கேட்கும்போது மூன்றை மறக்காமல் கேளுங்கள்: ரத்தம் எடுக்கும் கூலி சேர்ந்ததா, கூரியர் செலவு தனியா, சாம்பிள் கெட்டுவிட்டால் மறுபடி எடுக்கக் காசு உண்டா. மூன்றாவதைக் கேட்டால் சிலர் முறைப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

சிபிசியும் பயோகெமிஸ்ட்ரியும் பெரும்பாலும் அன்றே கிடைக்கும். வெளியூர் போகிறவை ஒரு வாரம் வரைகூட ஆகும். அதனால் அவற்றுக்குத் திங்கள், செவ்வாயில் ரத்தம் கொடுங்கள். வெள்ளிக்கிழமை எடுத்தது ஞாயிறு முழுக்கக் கூரியர் கிடங்கில் கிடக்கும்.

5. முந்தின நாள்: பட்டினியும் மருந்தும்

வளர்ந்த நாய், பூனைக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் தீனி கூடாது. தண்ணீர் கொடுக்கலாம். ராத்திரி எட்டு மணிக்குத் தட்டை எடுத்துவிட்டால் காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்கலாம். சின்னக் குட்டிகள், கைக்குள் அடங்கும் பொம்மை இன நாய்கள், சர்க்கரை நோய்க்கு ஊசி போடும் பிராணிகள் ஆகியவற்றை மருத்துவரைக் கேட்காமல் பட்டினி போடாதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும். வீட்டில் பாட்டியோ குழந்தையோ இருந்தால் “நாளைக்கு ரத்தம் எடுக்கணும், பிஸ்கட் கூடாது” என்று வெளிப்படையாகச் சொல்லி வையுங்கள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாராலும் சும்மா இருக்க முடியாது.

பட்டினி எதற்கு என்று பொள்ளாச்சி லேப் ஒன்றில் கண்ணால் பார்த்தேன். மேஜையில் இரண்டு டியூப், இரண்டையும் சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் வைத்துச் சுற்றி இறக்கியிருந்தார்கள். ஒன்றில் அணுக்கள் அடியில் தங்கி மேலே நின்ற நீர், அதாவது சீரம், வெளிர் மஞ்சளாகத் தெளிந்திருந்தது. மற்றதில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருந்தது. தின்றுவிட்டு வந்த நாயின் ரத்தம், மிதப்பது கொழுப்பு. அந்தச் சீரத்தை மெஷினில் விட்டால் பல எண்கள் தாறுமாறாக வரும். முறையாகப் பட்டினி இருந்தும் வெள்ளையாக வந்தால் அதுவே ஒரு துப்பு. கணைய அழற்சி, சர்க்கரை நோய், தைராய்டு குறைவு இவற்றை மருத்துவர் நினைத்துப் பார்ப்பார்.

இனி மருந்து. அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான்.

நாய் சோர்ந்திருக்கிறது என்றால் முதல் நாளே பி-காம்ப்ளெக்ஸ் ஊசியோ டானிக்கோ கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அப்புறம் ரத்தத்தில் பி12 பார்த்தால் ஊசியில் போட்ட பி12தான் ரிப்போர்ட்டில் தெரியும். குடல் அதை உறிஞ்சுகிறதா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. பல டானிக்கில் ஃபோலிக் அமிலமும் இருக்கும். அதனால் நாள்பட்ட பேதி என்றால், முதல் ஊசி ஏறுவதற்கு முன்பே “பி12 பார்க்க வேண்டியிருக்குமா டாக்டர், அப்படியானால் ரத்தம் எடுத்துவிட்டுப் போடலாமா?” என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ஸ்டீராய்டு. பிரெட்னிசலோன் கொடுத்திருந்தால் நாய்க்கு ஈரல் சம்பந்தப்பட்ட ஏஎல்பி எண் ஏறும், வெள்ளையணு கூடும், ஈசினோபில் குறையும். கார்டிசால் என்ற அட்ரினல் சுரப்பி ஹார்மோனைப் பார்க்கும் பரிசோதனையில் அந்த மாத்திரையையே கார்டிசாலாக மெஷின் எண்ணிவிடும். குடலில் லிம்ஃபோமா என்ற புற்று இருந்தால் தற்காலிகமாக மறைந்தும் போகலாம். ஆனால் பரிசோதனைக்காக ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தக் கூடாது, அது ஆபத்து. கொடுத்த தேதியைச் சொன்னால் போதும்.

மனிதர் மாத்திரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம், ஒரு மாத்திரையே கொல்லும். நாய்க்கு இபுபுரூஃபன் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஏற்கெனவே யாராவது கொடுத்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

6. ரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்

முன்னங்காலிலோ கழுத்திலோ எடுப்பார்கள். கழுத்தில் ஊசி என்றதும் பதற வேண்டாம். பூனைக்கும் குட்டிக்கும் அதுதான் சுலபம், ரத்தமும் தடையில்லாமல் வரும். கடிக்கிற நாய்க்கு வாய்க்கட்டு போடலாம், ஆனால் வாந்தி எடுக்கிற நாயின் வாயை இறுக்கிக் கட்ட விடாதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். பூனையைக் கூடையில் கொண்டுபோங்கள், மேலே ஒரு துண்டு போர்த்தி. பயந்த பூனைக்கு ரத்தச் சர்க்கரை தானாகவே ஏறும், அதைப் பார்த்துச் சர்க்கரை நோய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ஊதா மூடி டியூப் அணு எண்ணிக்கைக்கு. அதில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து இருக்கும், எடுத்தவுடன் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். குலுக்கினால் அணுக்கள் உடையும். சிவப்பு அல்லது மஞ்சள் மூடி சீரத்துக்கு. அதை உறைய விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சுற்றிச் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் வைத்தால் அணுக்கள் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும். அணு உடைந்து சீரம் சிவந்துபோனால் வேறு பல எண்களும் தவறும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது: “சீரத்தை இங்கேயே பிரிச்சு அனுப்புவீங்களா?” பல சிறு கிளினிக்கில் அந்த மெஷின் கிடையாது. ரத்தம் அப்படியே டியூபில் கோவைக்குப் போகும். பாலக்காட்டுக் கோடை தெரியும்தானே. மார்ச், ஏப்ரலில் காரின் டாஷ்போர்டில் டியூபை வைத்துக்கொண்டு போனால் பரிசோதனையே வேண்டாம். நீங்களே எடுத்துப் போவதாக இருந்தால் தெர்மாகோல் பெட்டி, ஐஸ் பேக், நடுவில் ஒரு துணி. டியூப் ஐஸில் நேராகப் படக் கூடாது, உறைந்துவிட்டால் அணுக்கள் போச்சு.

டியூபின் மேல் பிராணியின் பெயர், நாயா பூனையா, வயது, எடுத்த நேரம் எல்லாம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஊதா டியூபிலிருந்து ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் அப்போதே தேய்த்து வைக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் சகஜம். தீனி எடுக்காமல் வாந்தி எடுக்கும் நாயில் எர்லிக்கியா, பபீசியா கிருமிகள் அந்தத் தகட்டில் சிலசமயம் கண்ணில் படும். பூனையின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் மெஷின் குறைத்து எண்ணும், அதையும் தகட்டில்தான் சரிபார்க்க வேண்டும்.

7. முதல் சுற்று: சிபிசி, பயோகெமிஸ்ட்ரி

இந்தச் சுற்று முக்கியமாகச் சொல்வது, வயிற்றுக்கு வெளியே இருந்து வரும் நோயா என்பதை. வாந்தி என்றால் வயிறுதான் என்று நினைக்கிறோம். சிறுநீரகம் பழுதானாலும் வாந்தி வரும், ஈரல் கெட்டாலும் வரும், கர்ப்பப்பையில் சீழ் பிடித்த பெண் நாய்க்கும் வரும். சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், யூரியா, ஈரலுக்கு எஸ்ஜிபிடி, பிலிருபின், அதோடு சர்க்கரை, சோடியம், பொட்டாசியம் எல்லாம் இதற்காகத்தான்.

மழைக்காலத்தில் வாந்தியோடு கண்ணும் ஈறும் மஞ்சளானால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். வயல்வெளி நாய்களுக்கு வரும், நமக்கும் தொற்றும். அதன் சிறுநீரைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தடுப்பூசி போட்ட தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் ஊசியால் உண்டான எதிர்ப்புப் பொருளை நோய் என்று படித்துவிடலாம்.

ரிப்போர்ட்டில் நீங்களே கவனிக்கக்கூடிய சில இடங்கள்:

ஆல்புமின், குளோபுலின் என்ற ரத்தப் புரதங்கள் இரண்டும் குறைந்து, கொலஸ்ட்ராலும் குறைந்திருந்தால் குடல் வழியாகப் புரதம் ஒழுகுகிறது என்று சந்தேகிப்பார்கள். ஆல்புமின் மட்டும் குறைந்தால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று கேளுங்கள். ஆல்புமின் குறைந்து குளோபுலின் ஏறியிருந்தால் நம் ஊரில் நாள்பட்ட எர்லிக்கியாவை மறக்கக் கூடாது. ஆல்புமின் 2 கிராமுக்குக் கீழே போய்விட்டால் தள்ளிப்போடாமல் பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கிரியேட்டினின் சரியாக இருந்து யூரியா மட்டும் ஏறியிருக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்றால் இரைப்பையிலோ மேல்குடலிலோ ரத்தக் கசிவு இருக்கலாம். சிவப்பணுக்கள் அளவில் சிறுத்திருந்தால் கசிவு நாள்பட்டது, இரும்புச்சத்து தீர்ந்துவிட்டது என்று பொருள். கொக்கிப்புழுவும் இதைச் செய்யும்.

சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுத்துப் பாருங்கள். 27க்குக் கீழே வந்தால் அடிசன் நோய் என்ற அட்ரினல் சுரப்பிக் குறைவைச் சந்தேகிப்பார்கள். விட்டு விட்டு வாந்தி, பேதி, சோர்வு, டிரிப்ஸ் போட்டதும் தெளிவு, மறுபடி விழுவது என்று அது பல மாதம் ஏமாற்றும். சாட்டைப்புழுவும் இதே எண்ணைக் காட்டும் என்பதால்தான் மலப் பரிசோதனையை முதலில் சொன்னேன்.

உடம்பில் நீர் வற்றிய நிலையில் எடுத்த ரத்தம் கெட்டியாக இருக்கும். சோகையும் புரதக் குறைவும் அதில் மறைந்துவிடும். டிரிப்ஸ் ஏறிய மறுநாள் சிவப்பணு அளவும் புரதமும் மட்டும் மறுபடி பார்ப்பது வீண் செலவாகாது.

8. இரண்டாம் சுற்று: வயிற்றுக்கென்றே உள்ளவை

முதல் சுற்றில் பெரிதாக ஒன்றும் தெரியாமல், மலமும் சுத்தமாக இருந்து, கோளாறு தொடர்ந்தால் இது. நான்கையும் ஒருசேர எடுக்க வேண்டியதில்லை, அடையாளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

கணையம் சுரக்கவில்லையா: டிஎல்ஐ பரிசோதனை, அதாவது கணையத்தின் டிரிப்சின் நொதியை ரத்தத்தில் அளப்பது. அகோரப் பசி, மெலிவு, வெளிறிய மஞ்சளில் எண்ணெய்ப் பசையோடு குவியல் குவியலாக மலம், தன் மலத்தையே தின்பது – இந்த அடையாளங்கள் உள்ள நாய்க்கு இதுதான் முதலில். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அதிகம் வரும். நாயில் 2.5க்குக் கீழே இருந்தால் நோய் உறுதி, 5.7க்கு மேல் இருந்தால் இல்லை, நடுவில் இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி. பட்டினி கட்டாயம். நொதி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாலும் இந்த எண் மாறாது. நாய்க்கு நாய் கிட், பூனைக்குப் பூனை கிட் என்று தனித்தனி. மனிதருக்கான டிரிப்சின் பரிசோதனையை வைத்து இதைப் பார்க்க முடியாது. எல்லா லேபிலும் கிடைக்காது, எனவே பிராணியைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன் போனில் கேளுங்கள்.

கணைய அழற்சியா: பிஎல்ஐ, அதாவது கணையத்துக்கே உரிய லைபேஸ் நொதியை அளப்பது. திடீர் வாந்தி, வயிற்று வலி, பிரியாணி எலும்பும் கொழுப்பும் தின்ற மறுநாள் என்றால் இது. நாயில் 200 வரை இயல்பு, 400க்கு மேல் என்றால் அழற்சிக்கு வலுவான ஆதாரம். கிளினிக்கிலேயே பார்க்கும் கிட்டில் ‘இல்லை’ என்று வந்தால் நம்பலாம்; ‘ஆம்’ என்று வந்தால் ஸ்கேனும் அடையாளங்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பூனைக்கு இந்த நோய் சத்தமே இல்லாமல் வரும். வாந்தி இல்லாமல் வெறும் சோர்வும் பட்டினியுமாக இருக்கும்.

குடல் உறிஞ்சுகிறதா: பி12, ஃபோலேட். ஃபோலேட்டை உறிஞ்சுவது சிறுகுடலின் முன்பகுதி, பி12ஐ உறிஞ்சுவது கடைப்பகுதி. எது குறைகிறதோ அந்தப் பகுதியில் கோளாறு என்று யூகிக்கலாம். ஃபோலேட் கூடி பி12 குறைந்தால் குடல் பாக்டீரியாக்களின் சமநிலை தவறியிருக்கலாம். கணையக் குறைவிலும் பி12 குறையும் என்பதால் டிஎல்ஐயோடு சேர்த்தே எடுப்பது வழக்கம். இவை நோயின் பெயரைச் சொல்லாது, ஆனால் பி12 குறைவைச் சரிசெய்யாமல் வேறு எந்த மருந்தும் சரியாகப் பிடிக்காது.

அடிசனா: கார்டிசால். 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அந்த நோயை ஏறக்குறைய விலக்கிவிடலாம். குறைந்திருந்தால் ஊசி போட்டு மறுபடி பார்க்கும் பரிசோதனை வேண்டும். இந்த வசதிக்குக் கல்லூரியைக் கேளுங்கள்.

வயதான பூனை நன்றாகத் தின்றும் மெலிந்து, வாந்தி எடுத்தால் டி4 என்ற தைராய்டு ஹார்மோனைப் பாருங்கள்.

9. காசு போகும் இடங்கள்

மனிதர் லேபில் கொடுப்பது. விலை குறைவு, பக்கத்தில் இருக்கிறது, உண்மைதான். கிரியேட்டினின், யூரியா, எஸ்ஜிபிடி போன்றவை ஓரளவு சரியாகவே வரும். ஆனால் அணு எண்ணிக்கை மெஷின் மனித ரத்தத்துக்கு அமைத்தது. நாய், பூனையின் சிவப்பணு நம்முடையதைவிடச் சிறியது என்பதால் கணக்கு தப்பும். அதைவிடப் பெரிய சிக்கல், எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் ‘இயல்பு அளவு’ மனிதருடையது. எங்களுக்கு வந்த ஒரு ரிப்போர்ட்டில் நாயின் பெயருக்கு முன்னால் ‘திரு’ என்று அச்சாகியிருந்தது. தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்று காட்டியவற்றில் பல நாய்க்கு இயல்பானவை.

அமிலேஸ், லைபேஸ் என்ற பழைய பரிசோதனைகளை மட்டும் வைத்துக் கணைய அழற்சி என்று முடிவு செய்வது. சிறுநீரகம் கெட்டாலும் இவை ஏறும்.

ரத்தத்தில் உணவு ஒவ்வாமை பார்ப்பதாகச் சொல்லும் தொகுப்பு. அழகான வண்ணப் பட்டியல் வரும், ஆனால் நம்பத் தகுந்ததில்லை. உணவு ஒவ்வாமைக்கு வழி, இதுவரை தின்னாத ஒரே வகைப் புரதத்தை மட்டும் கொடுத்துப் பார்ப்பதுதான். வயிற்றுக் கோளாறு பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணிய ஆரம்பிக்கும். அந்த நாட்களில் பிஸ்கட்டும் கூடாது, பால் சோறும் கூடாது.

விழுங்கிய துணி, மாங்கொட்டை, பந்து இதெல்லாம் ரத்தத்தில் தெரியாது. அதற்கு எக்ஸ்ரே, ஸ்கேன். குடல் சுவரின் நாள்பட்ட அழற்சியையும் ரத்தம் உறுதி செய்யாது. குடல் சுவரிலிருந்து திசுத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும்.

10. ரிப்போர்ட் வந்த பிறகு

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கினாலும் அச்சிட்ட பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் எந்த லேப், எந்த மெஷின், எந்தப் பிராணிக்கான அளவு என்பது இருக்க வேண்டும். அடுத்த தடவையும் அதே லேபிலேயே எடுத்தால்தான் எண் ஏறியதா இறங்கியதா என்று ஒப்பிட முடியும். எல்லை தாண்டி வேறு மருத்துவரிடம் போகும்போது மறுபடி எடுக்கச் சொன்னால், ஏன் என்று பணிவாகக் கேளுங்கள். எடுத்து வாரக்கணக்காகிவிட்டது, சாம்பிள் கெட்டிருந்தது என்றால் நியாயமான காரணம்.

பி12 குறைவு என்றால் வழக்கமாக வாரம் ஒரு ஊசி ஆறு வாரம், ஒரு மாதம் கழித்து இன்னொன்று, அதற்கும் ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை. ஊசி மருந்து விலை குறைவு. ஒவ்வொரு வாரமும் போய்வருவதுதான் செலவு என்பதால் பஞ்சாயத்து மிருக ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொள்ள எழுதி வாங்குங்கள்.

கணையக் குறைவு என்று வந்தால் ஆயுள் முழுக்க ஒவ்வொரு வேளைத் தீனியிலும் நொதி கலக்க வேண்டும். மனிதர்களுக்கான கேப்ஸ்யூலைப் பிரித்துப் போடலாம். பெரிய நாய்க்கு மாதம் சில ஆயிரம் ஆகும். பச்சை மாட்டுக் கணையத்தை நறுக்கித் தீனியில் கலப்பதும் ஏற்கப்பட்ட முறைதான், 20 கிலோ நாய்க்கு வேளைக்கு ஏறக்குறைய 100 கிராம். அளவையும், பச்சையாகக் கொடுப்பதில் உள்ள தொற்று ஆபத்தையும் மருத்துவரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். வேகவைத்தால் நொதி செத்துவிடும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து மாட்டிறைச்சிக் கடைகளில் இதைக் கழிவோடு போட்டுவிடுவார்கள், ஆகவே முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். சொன்னாலும் முதல் தடவை மண்ணீரலைக் கொடுத்து அனுப்புவார்கள். போனில் படத்தைக் காட்டுங்கள். வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் வரும்.